மழை வருவதற்கு முன்னால் கேட்க வேண்டியது

(சூரமங்கலத்தில் நமது அறக்கட்டளையின் அரையாண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, முத்தவல்லி அவர்களே, மாடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையை விட்டு முன்னால் வர மறுக்கும் இளைஞர்களே! வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசித்துவிட்டார். அதில் "வெள்ள நிவாரணம்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

2024 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கடலோரத்துக்காரர்கள் பாடு என்று நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தோம். புயல் உள்ளே வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், ஏற்காட்டில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். ஏற்காட்டில் பெய்த மழை ஏற்காட்டிலேயே தங்குவதில்லை. ஒரு பக்கம் சரபங்காவாக ஓமலூர் வழியே எடப்பாடிக்குப் போகிறது, இன்னொரு பக்கம் திருமணிமுத்தாறாகச் சேலம் நகருக்குள் புகுந்து நாமக்கல் பக்கம் போகிறது. நடுவில் இருக்கும் ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததுக்குக் கோடி போக வேண்டும். கோடி போகிற ஓடை அடைபட்டிருந்தால் தண்ணீர் என்ன செய்யும்? நம் வீட்டு வாசற்படியைத் தேடி வரும். வந்தது.

அந்த இரண்டு நாளும் நமது பிள்ளைகள் செய்த பணியை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். மதரஸா கூடத்தைத் திறந்தோம். யார் எவர் என்று கேட்கவில்லை. எதிர்த்தெரு மாரியம்மன் கோயில் பக்கத்து வீட்டுக்காரர்களும் அங்கேதான் படுத்தார்கள். பிரியாணி அண்டாவில் சாம்பார் சாதம் செய்தோம், ஏனென்றால் எல்லோரும் சாப்பிட வேண்டும். 2015-ல் சென்னையில் பள்ளிவாசல்கள் இப்படித் திறந்ததைப் பத்திரிகைகள் எழுதின. நம்மை யாரும் எழுதவில்லை, அதனால் ஒன்றும் குறையவில்லை.

நாம் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தாயார் நமது அலுவலகத்துக்கு வந்தார். வீட்டு முன்னறைதான் அவருக்குப் பட்டறை. உங்களில் பலருக்கு இந்தத் தொழில் தெரியும். ராவும்போதும் பற்றவைக்கும்போதும் சிந்துகிற வெள்ளித் துகள் தரையில் விழும். அந்தக் குப்பையை யாரும் கொட்டிவிட மாட்டார்கள். கூட்டிக் கூட்டிச் சேர்த்து வைத்து, வருடத்துக்கு ஒருமுறை உருக்கிக் கொடுத்தால் ஒரு கையிருப்பு கிடைக்கும். மகளின் திருமணத்துக்கு அந்தம்மா நம்பியிருந்தது அந்தக் குப்பையைத்தான். வெள்ளம் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. நிவாரண விண்ணப்பத்தில் அதை எங்கே எழுதுவது என்று அவர் கேட்டார்.

அரசு அறிவித்த நிவாரணத்தை நாம் குறை சொல்லவில்லை. முழுதும் இடிந்த குடிசைக்கு 10,000 ரூபாய், நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, பசு மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000 என்று கணக்கு இருந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள். ஆடு மாடு கோழி எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிற தாளில் கொலுசுப் பட்டறைக் குப்பைக்குக் கட்டம் இல்லை. நாம் அந்தத் தாயாருக்கு ஜகாத் நிதியிலிருந்து ஒரு தொகை கொடுத்தோம். வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்: "பாய், போன தடவையும் நீங்கதான் குடுத்தீங்க. அடுத்த தடவையும் நீங்கதான் குடுப்பீங்களா?"

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்துதான் ஒரு கேள்வியை நிர்வாகக் குழுவில் பேச ஆரம்பித்தோம். வெள்ளம் வந்தபின் கொடுப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறோமே, வராமல் தடுப்பது யார் வேலை? உடனே எல்லோர் வாயிலும் வந்த பதில், "எம்.எல்.ஏ. என்ன செய்தார்?" என்பதுதான். சரி, ஒரு சட்டமன்ற உறுப்பினரால் வெள்ளத்துக்கு என்னதான் செய்ய முடியும் என்று பார்ப்போம் என்று, நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை எடுத்து ஆராய்ந்தோம். நமக்குக் கட்சி இல்லை. தேர்தல் வந்தால் எல்லோரும் வருவார்கள், எல்லோருக்கும் டீ கொடுப்போம். கட்சிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

எடப்பாடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் திரு. எடப்பாடி பழனிசாமி அவர்கள் 2017 பிப்ரவரியில் முதலமைச்சரானார். பொதுப்பணித் துறையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஏரி, அணை, வாய்க்கால் எல்லாம் அப்போது அந்தத் துறையில் வந்தவை. சொந்த ஊர்ப்பக்கத்துக்கு அவர் கொண்டுவந்த பெரிய வேலை, மேட்டூர் உபரிநீரைக் கொண்டு சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம். மதிப்பு 565 கோடி ரூபாய். 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலுக்குச் சற்று முன் முதல் பகுதியைத் திறந்தார். அணை நிரம்பி வழியும் நாட்களில், திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் வைத்து, அங்கிருந்து எம். காளிப்பட்டி ஏரிக்கு ஏற்றி, குழாய் வழியாக ஏரி ஏரியாக அனுப்புவது ஏற்பாடு. பாசனம் பெறும் நிலம் 4,238 ஏக்கர் என்று கணக்கு.

ஒரு உறுப்பினர் தம் தொகுதியின் தாகத்தை மனத்தில் வைத்து, பதவி கிடைத்தபோது அதைத் திட்டமாக்கினார் என்பதை மறுக்க முடியாது. அணைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் லாரிக்குக் காத்திருந்த ஊர்கள் அவை. இன்னொரு பக்கம், எங்கள் தண்ணீரை எடுக்கிறீர்கள் என்று டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கைத் தீர்க்க நாம் காஜி இல்லை.

ஆனால் "வெள்ள நீர் வீணாகக் கடலுக்குப் போவதைத் தடுத்த திட்டம்" என்று மேடைகளில் சொல்வார்களே, அதை மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நமது கணிதப் பட்டதாரிப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து போட்டது. திட்டத்தின்படி வினாடிக்கு 214 கன அடி வீதம் 30 நாட்கள் எடுத்தால் மொத்தம் அரை டி.எம்.சி.க்குச் சற்று மேலே, 0.555 டி.எம்.சி. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் திறந்தார்கள். 16 கண் மதகைப் பார்க்க நம்மில் பாதிப்பேர் குடும்பத்தோடு போனோம். அந்த வேகத்தில் ஒரு நாளில் போவது 17 டி.எம்.சி.க்கு மேல். அப்படியானால் நூறு ஏரித் திட்டம் ஒரு மாதம் முழுதும் எடுக்கும் தண்ணீர், அந்த வெள்ளத்தின் முக்கால் மணி நேரத்துக்குச் சமம். முக்கால் மணி நேரம்!

இதைச் சொல்வது திட்டத்தைப் பழிக்க அல்ல. அது வறட்சிக்கு மருந்து, அந்த அளவில் நல்ல மருந்து. வெள்ளத்துக்கு மருந்து என்று அதைக் கொடுத்தால் நோயாளி ஏமாந்து போவார். 2018-ல் மேட்டூருக்குக் கீழே குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றங்கரை வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. ஜனங்கள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கினார்கள். நாமும் வேனில் போர்வை கொண்டுபோனோம். 2022 ஆகஸ்டில் மறுபடியும் அதே வெள்ளம், அதே தெருக்கள். தறிக்குழிக்குள் தண்ணீர் நின்றால் பாவு போச்சு, ஒரு மாதக் கூலி போச்சு. அந்தத் தெருக்காரர்களுக்கு வேண்டியிருந்தது மேட்டில் ஒரு வீடு, பட்டாவோடு. நமக்குப் புரிந்த முதல் பாடம் இது: தலைவர்கள் கொண்டுவருவது நல்ல திட்டமா என்று கேட்பதோடு, நம் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு வேலை, பெரிய விழா இல்லாதது, நம் கஷ்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. குடிமராமத்து. பெயர் பழையது, ஊரே கூடித் தன் ஏரியைத் தூர்வாரும் வழக்கம். 2017-ல் 100 கோடி ரூபாயில் அதை மறுபடி தொடங்கினார்கள். விவசாயிகள் சங்கம் பத்தில் ஒரு பங்கு பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி. 2019–20-ல் ஏறத்தாழ 500 கோடியில் 1,829 வேலைகள் எடுத்தார்கள். சில இடங்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே செய்தார்கள் என்ற புகாரும் எழுந்தது. இருந்தாலும் ஏரியின் வயிறும் வரத்து வாய்க்காலும் சுத்தமாக இருந்தால் முதல் மழையை ஏரி குடித்துக்கொள்ளும், தெருவுக்கு விடாது. அரசாங்கம் வரும்வரை காத்திராமலும் இது நடந்திருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் சேலம் மக்கள் குழுவினர் இறங்கி மீட்டதைப் பார்த்தோம். நம் சேலத்தில் இஸ்மாயில்கான் பெயரில் ஓர் ஏரி இருப்பதும், அவர்கள் அதையும் சீராக்கியதும் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் மட்டும் நம்முடையது, மண்வெட்டி அவர்களுடையது.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. மதரஸா நாட்களில் ஹஜ்ரத் சொல்லிக் கேட்டது, அப்போது கதையாகத்தான் கேட்டோம். ஹிஜ்ரி 17-ல் மக்காவில் பெருவெள்ளம் வந்தது. உம்மு நஹ்ஷல் என்ற பெண்மணியை அது அடித்துச் சென்றதால் அவர் பெயராலேயே அந்த வெள்ளம் அழைக்கப்படுகிறது. ஹரமுக்குள் புகுந்து மகாமு இப்ராஹீமையே புரட்டி ஊரின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுபோய்விட்டது. செய்தி கிடைத்ததும் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். மகாம் எந்த இடத்தில் இருந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் யார் என்று கேட்டார்கள். அல்முத்தலிப் இப்னு அபீ வதாஆ (ரலி) எழுந்தார்கள். இப்படி ஒருநாள் நடக்கும் என்று பயந்து, முன்பே ஒரு கயிற்றால் அளந்து அந்தக் கயிற்றை வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கயிறு வந்தது, அளந்தார்கள், மகாம் அதன் இடத்துக்குத் திரும்பியது. உமர் (ரலி) அதோடு ஊர் திரும்பவில்லை. மேல் மக்காவில் பெரும் பாறைகளைக் கொண்டு வெள்ளத் தடுப்பணை ஒன்றைக் கட்டச் செய்தார்கள்.

ஆட்சியாளர் செய்தது அணை. அந்த ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது கயிறு வைத்திருந்த ஒரு மனிதர். நம் தொகுதி உறுப்பினர் நாளைக்கே நம் தெருவுக்கு வந்து, "ஓடை எங்கே இருந்தது, எவ்வளவு அகலம்?" என்று கேட்டால் நம்மில் யாரிடம் கயிறு இருக்கிறது?

ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் என்ன கேட்கலாம் என்பது நமக்கே சரியாகத் தெரியவில்லை. திருமணத்துக்கு அழைக்கிறோம், தெருவிளக்கு கேட்கிறோம், சிபாரிசுக் கடிதம் கேட்கிறோம். அவருடைய தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பாராளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. கடுமையான பேரிடர் என்று அறிவிக்கப்பட்டால் பாராளுமன்ற உறுப்பினர் நாட்டின் எந்தப் பகுதிக்கும் 1 கோடி வரை ஒதுக்கலாம். இந்தப் பணத்தில் ஒரு சிறுபாலம், ஒரு வடிகால் கட்டலாம். ஓர் ஓடை முழுவதையும் மீட்க முடியாது.

பணத்தைவிடப் பெரியது சட்டமன்றத்தில் அவருக்கு இருக்கும் வாய். அவர் கேள்வி கேட்டு, அமைச்சர் "செய்து தரப்படும்" என்று அவையில் சொல்லிவிட்டால், அந்த வார்த்தை காற்றோடு போவதில்லை. அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, சொன்னது நடந்ததா என்று அது துறையைக் கேட்கும். மனுக்கள் குழு என்று இன்னொன்று. பொதுமக்களே அதற்கு எழுதலாம், மாவட்டங்களுக்கும் வந்து விசாரிப்பார்கள். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் அவர்கள் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத பத்து கோரிக்கைகளைப் பட்டியலிட்டுத் தரச் சொன்னார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இல்லை. அந்தப் பத்தில் நம் ஓடை இருந்ததா? இல்லை. உறுப்பினர் மறந்தாரா என்றால், நாம் ஒரு தாள்கூட எழுதிக் கொடுக்கவில்லை. கேட்காததைக் கொடுக்கவில்லை என்று யாரைக் கோபிப்பது?

ஆகவே இந்த வருடம் கயிற்றைத் தேடிப் போனோம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டு, கிராம வரைபடமும் புலப்படமும் வாங்கினோம். ஓர் அலுவலகத்தில் நான்கு முறை அலைய வைத்தார்கள், அதை இங்கே விரிக்க வேண்டாம். கடைசியில் கிடைத்தது. நமது இளைஞர்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு டேப் எடுத்துக்கொண்டு, ஏரியின் கோடியிலிருந்து ரயில்பாதைப் பக்கம் வரை ஓடையை அளந்தார்கள். வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும் இடத்தில் எங்கெல்லாம் சுவர், எங்கெல்லாம் கொட்டகை, எங்கெல்லாம் கட்டட இடிபாடு என்று குறித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தபோது யாரும் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தோம். பிறகு அவர்களில் இளையவர் தாளை நகர்த்தி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். ஓடை அதிகமாகக் குறுகியிருக்கும் இடம் நமது அறக்கட்டளையின் நான்கு கடைகளுக்குப் பின்னால்.

சகோதரர்களே, இதை மறைத்துவிட்டு இந்த மேடையில் நின்று எம்.எல்.ஏ.வைப் பற்றிப் பேச எங்களுக்கு நாக்கு வரவில்லை. அந்தக் கடைகள் முன்னோர் நல்லெண்ணத்தோடு கட்டியவை. முன்பகுதி நம் பத்திரத்துக்குள் இருக்கிறது. பின்னால் சரக்கு வைக்க இழுத்துக் கட்டிய அறைகள் பத்திரத்தில் இல்லை. அந்த வாடகையில்தான் ஆண்டுதோறும் நம் பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம். ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டோம். தனக்குச் சொந்தமில்லாத இடத்தை ஒருவர் வக்ஃபு செய்ய முடியாது, அதிலிருந்து வரும் நன்மையைக் காட்டி அதை நியாயப்படுத்தவும் முடியாது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். வழக்கறிஞரிடமும் கேட்டோம். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, நீர்நிலைப் புறம்போக்கு விஷயத்தில் நீதிமன்றங்கள் தயவு காட்டுவதில்லை என்றார். ஆனால் நமக்கு முதலில் உறைத்தது ஹஜ்ரத்தின் பேச்சுதான்.

நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்து உண்டு. "எல்லோரும் இடிக்கட்டும், பிறகு நாம் இடிப்போம். நாம் மட்டும் ஏன் ஏமாளியாக வேண்டும்?" என்று சிலர் சொல்கிறார்கள். நம் இடத்தை மட்டும் குறிவைப்பார்கள் என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது. இன்று நாட்டில் இருக்கும் நிலையில் அந்த அச்சம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டோம். மற்றவர்கள், நாமே முதலில் இடித்துவிட்டு அந்தப் புகைப்படத்தோடும் வரைபடத்தோடும் போனால் நம் மனுவை யாரும் ஓரங்கட்ட முடியாது என்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் எங்கள் கருத்து இரண்டாவதுதான். இடிக்காமல் மனுக் கொடுத்தால், அதைப் படிக்கும் அதிகாரி முதலில் கேட்கப் போவது நம் கடையைப் பற்றித்தான்.

வாடகை குறையும். ஒரு கடைக்காரர் விலகக்கூடும். கட்டணத்துக்கு எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு பற்றாக்குறை வரும். அதை எப்படி ஈடுகட்டுவது என்று பொருளாளர் ஒரு யோசனை வைத்திருக்கிறார், அவர் தனியாகச் சொல்வார். வெள்ள நிவாரணத்துக்கு என்று வருடாவருடம் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை எடுப்பது அதில் ஒன்று. கொலுசுப் பட்டறைத் தாயார் கேட்ட கேள்விக்கு அது ஒரு பதிலாகவும் இருக்கும் என்று நினைக்கிறோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு நாட்கள் அதிகம் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உறுப்பினர்கள் அனைவரும் இருந்து இதில் முடிவெடுக்க வேண்டும். வரைபடம் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது, அதற்கு முன் வந்து பாருங்கள். ஓடையோரம் வீடு உள்ளவர்கள் பத்திரம், பட்டா நகலோடு வந்தால், உங்கள் சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிள்ளைகள் அளந்து சொல்வார்கள். யார் பெயரையும் வெளியில் சொல்ல மாட்டோம். பட்டா இல்லாமல் ஓடைக்குள்ளேயே குடியிருக்கும் குடும்பங்கள் எத்தனை என்றும் எழுதி வைத்திருக்கிறோம். அவர்களுக்கு மாற்று இடம் கேட்கும் மனு தனி. அது இல்லாமல் ஓடை மனு மட்டும் போகாது, இதில் குழுவில் யாருக்கும் மாறுபாடு இல்லை. சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறோம். எதிர்த்தெருவிலிருந்தும் மூன்று பேர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ். கொலுசுப் பட்டறைகளுக்கு நிவாரணத் தாளில் ஒரு கட்டம் வேண்டும் என்பதையும் அந்த மனுவில் கடைசிப் பத்தியாகச் சேர்த்திருக்கிறோம். பட்டறை வைத்திருப்பவர்கள், 2024 டிசம்பரில் என்னென்ன போயிற்று என்று எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுங்கள். எழுத வராதவர்கள் வந்து சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.